இடது பக்கம் இழுத்த வண்டி

வண்டியின் உயரத்தைக் குறைக்கலாம் என்று முதலில் சொன்னது யார் என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. என் கணவர்தான் என்கிறேன் நான். நீதான் என்கிறார் அவர். எல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தால் இருவருமே அந்தப் பெருமைக்குப் போட்டி போட்டிருப்போம்.

திண்டிவனத்தில் மரக்காணம் சாலை பிரிந்து கொஞ்ச தூரம் போனதும், ஒரு புளியமரத்தடியில் நான் டிபன் வண்டி போடுகிறேன். பழைய பிக்கப். பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்கு மேல் தகரக் கூரை அடித்து, இடது பக்கம் ஒரு பலகைக் கதவு வைத்திருக்கிறோம். அதைத் திறந்து மேசைபோல விரித்து நிறுத்தினால் கடை திறந்தாயிற்று. இட்லி, தோசை, காலையில் கேப்பைக் கூழ், எல்லாவற்றுக்கும் வேர்க்கடலையை அரைத்த மல்லாட்டை சட்னி. சமைப்பதும் நான், வண்டி ஓட்டுவதும் நான். கணவருக்குக் கரும்பு ஆலையில் ஷிப்டு வேலை. ஷிப்டு இல்லாத நாட்களில் வந்து தட்டு கழுவுவார். கூடவே யோசனையும் சொல்வார்.

அந்தத் தொட்டி என் இடுப்புக்கு மேல் நிற்கும். ஒரு காலை மேலே வைத்து, முட்டியைக் கையால் தாங்கி, கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏற வேண்டும். தண்ணீர் பிடிக்க இறங்கு, ஏறு. வெங்காயம் வாங்க இறங்கு, ஏறு. வாங்குகிறவர்களுக்கும் அதே கஷ்டம். மரக்காணத்திலிருந்து மீன் கூடையோடு வரும் பெண்களுக்குப் பலகை தோள் உயரத்தில் இருக்கும். "இன்னா மேல சாமி மாதிரி நின்னுக்கினு குடுக்கிறே, கொஞ்சம் எறக்கிக் குடும்மா" என்பார்கள். ஒருநாள் அப்படிக் குனிந்து கொடுத்தபோது சாம்பார் கிண்ணம் சரிந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரின் வெள்ளைச் சட்டை மேல் கொட்டியது. அவர் துடைத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

ஏறுவதற்கு முக்காலி போட்டேன். அதை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். கணவர் இரும்பில் ஒரு படி அடித்து வண்டியோடு சேர்த்து வெல்டு வைத்தார். அது சாக்கடை மூடிமேல் மோதி வளைந்து, பிறகு தினமும் என் கணுக்காலைப் பதம் பார்த்தது. முட்டி வீங்கி டாக்டரிடம் போனேன். ஜவ்வு தேய்ந்திருக்கிறது, ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். தோசைக்கல் மேலே இருக்கிறது டாக்டர் என்றேன். அப்படியானால் தோசைக்கல்லைக் கீழே வையுங்கள் என்றார். படித்தவர், சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அப்போதுதான் எங்கள் இருவரில் யாரோ ஒருவர், வண்டியையே இறக்கிவிட்டால் என்ன என்று கேட்டது.

பூ லோடு ஏற்றும் டிரைவர் ஒருவர் விழுப்புரத்தில் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். வண்டியைத் தூக்குவதும் இறக்குவதும்தான் அவர் வேலையாம். புறவழிச்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை. முப்பது வயது தாண்டிய ஆள், பேச்சில் வேகம், கையில் எப்போதும் ஒரு ஸ்பானர். வண்டியைச் சுற்றி வந்தார். அடியில் படுத்துப் பார்த்தார்.

"நாலு விரக்கடை எறக்கலாம்க்கா. அதுக்கு மேல எறக்கினா டயரு மட்காட்ல இடிக்கும். ஆனா ஒண்ணு, சிலிண்டரோட ஷெட்டுக்குள்ள வராதீங்க. இங்க வெல்டிங் நெருப்பு பறந்துக்கினே இருக்கும். உள்ள இருக்கிற சாமானெல்லாம் வூட்ல எறக்கி வச்சிட்டு, காலி வண்டியா கொண்டாங்க."

நியாயமான பேச்சு. வீட்டில் சிலிண்டர்களை இறக்கினோம். தண்ணீர் டிரம்மை இறக்கினோம். தோசைக்கல், அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, எல்லாம் வாசலில் பரப்பி வைத்துவிட்டு விழுப்புரம் போனேன். முன்பக்கம் அடியில் இருந்த இரண்டு பெரிய போல்ட்டுகளைத் தளர்த்தினார். பின்பக்கம் அடுக்கடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகளில் ஒன்றை உருவினார். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது.

நான் ஏறிப் பார்த்தேன். முட்டியைக் கையால் தூக்காமல் கால் தானாக மேலே போனது. நாலு விரற்கடை என்பது சொல்லும்போது ஒன்றுமில்லை. தேய்ந்த முட்டிக்கு அது எவ்வளவு பெரிய இடம் என்று எனக்குத்தான் தெரியும். அந்த மெக்கானிக்கை வாயார வாழ்த்தினேன்.

"ஒரு அலைன்மெண்ட் மட்டும் போட்டுக்கோங்கக்கா. எறக்கின வண்டிக்கு அது அவசியம். சக்கரம் நேரா நிக்கணும், நேரா பாக்கணும், அவ்ளோதான்" என்றார்.

மட்டும். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் விடியற்காலை சாமானெல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை தாண்டியதும் ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்தது. வலது பக்கம் பிடித்து ஓட்டினேன். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால், நான் போக நினைக்கும் இடத்தை விட்டுவிட்டுச் சாலை ஓரத்து மைல்கல்லைப் பார்த்துப் போனது. ஒரு பிடிவாதமான மாட்டைக் கயிற்றில் இழுத்துப் போவது போலக் கடைக்கு வந்து சேர்ந்தேன். முட்டி வலி போய்த் தோள்பட்டை வலி வந்தது.

திண்டிவனத்திலேயே அலைன்மெண்ட் கடை இருக்கிறது. காலை வியாபாரம் முடிந்ததும் கடையை மூடிக்கொண்டு அப்படியே நேராகப் போனேன். உரிமையாளருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார். பார்க்கும்போது போடமாட்டார், பேசும்போது போடுவார். நான் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஆம்பளைங்க யாரும் வர்லியாம்மா?"

"வண்டி வந்திருக்குண்ணே. அதுக்குத்தானே அலைன்மெண்ட்?" என்றேன்.

வண்டியை இரும்புப் பாதைமேல் ஏற்றி, நாலு சக்கரத்திலும் கருவியை மாட்டி, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். திரையில் கட்டம் கட்டமாகச் சிவப்பு. ஒரு இடத்தில்கூடப் பச்சை இல்லை. அவர் உச்சுக் கொட்டினார்.

"முன்னாடி இடது பக்கம் விரல் தண்டி சாஞ்சிருக்கு. ஒசரமே சமமா இல்லாம நான் இன்னாத்த அலைன்மெண்ட் போடறது? இப்ப நான் நேரா திருப்பி வச்சாலும் நாளைக்கே கோணிக்கும். எறக்கினவன்கிட்டயே போயி ரெண்டு பக்கமும் சமமா வச்சிக்கினு வாங்க. அப்புறம் பாக்கலாம். எங்க எறக்கினீங்க?"

இடத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவன்கிட்டயா?" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி வீட்டில் சாமான் இறக்கும் படலம். அண்டை வீட்டுக்காரர்கள் நாங்கள் குடி மாறுகிறோமா என்று கேட்டார்கள். மறுபடி நெடுஞ்சாலை, மறுபடி விக்கிரவாண்டி சுங்கச்சாவடி, மறுபடி விழுப்புரம். போகும்போது இழுப்பு அவ்வளவாக இல்லை. நாலு வழிச் சாலை நன்றாக இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் டேப்பை எடுத்தார். இடது பக்கம் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட் வரை அளந்தார். வலது பக்கமும் அளந்தார். என்னைக் குனியச் சொல்லி எனக்கே காட்டினார். ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

"பாருங்கக்கா, நீங்களே பாருங்க. இதுல எங்க சாஞ்சிருக்கு? அந்தக் கடைக்காரரு டிவி பாத்து வைத்தியம் பண்றவரு. அவருக்குக் கட்டம் பச்சையா மாறலைன்னா ஊர்ல இருக்கிற எல்லார் மேலயும் சந்தேகம் வந்துடும். திரும்பப் போங்க, அலைன்மெண்ட்டை ஒழுங்கா போடச் சொல்லுங்க."

திரும்ப வந்தேன். மறுநாள் காலை சாமான் ஏற்றினேன், இடது பக்கம் இழுக்க இழுக்கக் கடைக்குப் போனேன், வியாபாரம் முடித்தேன், அலைன்மெண்ட் கடைக்குப் போனேன். அவரும் டேப்பை எடுத்தார். இடது பக்கம் விரல் தண்டி குறைவு. எனக்கும் காட்டினார். என் கண்ணாலேயே பார்த்தேன்.

"ஒண்ணும் பண்ணலை அவன். வண்டியை வெளிய கழுவி வுட்டு அனுப்பியிருக்கான்" என்றார்.

"நேத்து அளந்தப்ப சமமா இருந்துதுண்ணே. நானே பாத்தேன்."

"அப்ப என் டேப்பு பொய் சொல்லுதாம்மா?"

ஒரே வண்டி, ஒரே சக்கரம். விழுப்புரத்தில் நேராக நிற்கிறது, திண்டிவனத்தில் சாய்ந்து நிற்கிறது. நடுவில் நாற்பது கிலோமீட்டரில் யார் அதைச் சாய்க்கிறார்கள்? ராத்திரி சாப்பிடும்போது கணவரிடம் கேட்டேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "வண்டின்னு இருந்தா கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும்" என்றார். அன்று அவருக்கு ரசம் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

இப்படியே இன்னொரு முறையும் போய் வந்தேன். இதற்குள் முன் இடது டயரின் உள்விளிம்பு வழுக்கையாகிவிட்டது. மூன்றாம் முறை விழுப்புரத்தில் அந்த மெக்கானிக் டேப்பை எடுத்தபோதே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"தம்பி, டேப்பை உள்ள வை. நீயும் அவரும் ஒருத்தருக்கொருத்தர் போன்ல பேசிக்குங்களேன். நடுவுல நான் எதுக்கு அல்லாடறேன்?"

அவர் தரையைப் பார்த்தார். "அவருகிட்ட நான் பேசறதில்லைக்கா."

"ஏன், அவரை உனக்குத் தெரியுமா?"

"எங்க சகலைதான்."

அக்காளையும் தங்கையையும் கட்டியவர்கள். அக்காளின் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் அலைன்மெண்ட் கடை. தங்கையின் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் மெக்கானிக். குடும்பத்தில் ஒரு காதுகுத்து விருந்தில், அலைன்மெண்ட் மிஷினை வைத்துக்கொண்டு சகலை நாள் முழுக்க கார்ட்டூன் பார்க்கிறார் என்று இளையவர் சொல்ல, பந்தியே சிரிக்க, மூத்தவர் இலையை மூடாமல் பாதியில் எழுந்து போய்விட்டாராம். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

கார்ட்டூன் என்று சொன்னதற்கு நான் ஏன் டயர் தேய்க்க வேண்டும்? திரும்பி வரும் வழியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். சகலைகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், அவரவர் மாமியார் வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்ளட்டும். என் வண்டியின் அடியில் படுத்துக்கொண்டா போடுவது?

அந்த வாரம் அமாவாசை வந்தது. அமாவாசைக்கு மேல்மலையனூருக்குத் தனிப் பேருந்து விடுவார்கள். மதியம் தாண்டியதிலிருந்து கூட்டம் வந்துகொண்டே இருக்கும். குழந்தைகளுக்கு இட்லி கட்டிக்கொண்டு போவார்கள். என் மாதத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் சாயங்காலம். அன்றைக்கு மட்டும் புளியமரத்தை விட்டுவிட்டுப் பேருந்து நிற்கும் இடத்துக்கே வண்டியைக் கொண்டு போவேன். அந்த நெரிசலில் இடது பக்கம் இழுக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் யாரையாவது இடித்துவிட்டால்?

அன்று காலை வியாபாரம் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. சாமான் இறக்கவில்லை. சாயங்காலத்துக்கு வேண்டிய மாவு, நிரம்பிய டிரம், சிலிண்டர் எல்லாம் உள்ளேயே இருக்க, பலகைக் கதவை மூடித் தாழ் போட்டு, நேராக விழுப்புரத்துக்கு விட்டேன். கொட்டகைக்கு வெளியே, தள்ளி நிறுத்தினேன்.

"தம்பி, இன்னிக்கு அளக்க வேணாம். ஓட்டிப் பாரு, போதும்."

"நான்தான் பாத்தேனேக்கா, தெருவுல ஒரு சுத்து."

"தெருவுல தெரியாது. ஹைவேயில வா."

அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். புறவழிச்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே அவர் முகம் மாறியது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

"இன்னாக்கா இது, எருமை மாதிரி இழுக்குது?"

"நான் சொன்னேன், நீ கேக்கலை. வேகம் போனா இன்னும் இழுக்கும். போ."

முண்டியம்பாக்கம் தாண்டியது. "திரும்பலாமா?" என்றார். சுங்கச்சாவடி தாண்டினால்தான் நன்றாகத் தெரியும் என்றேன். சுங்கச்சாவடியும் தாண்டியது. அவர் ஸ்டீயரிங்கிலேயே கவனமாக இருந்தார். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். கூட்டேரிப்பட்டு வந்தபோதுதான் விழித்துக்கொண்டார்.

"அக்கா, என்னை எங்க இட்டுக்கினு போறீங்க?"

"உங்க சகலை கடைக்கு."

காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டார். வண்டி தானாக இடது ஓரத்துக்குப் போய் நின்றது. அதற்கு அதுதான் பிடித்த இடம்.

"நான் வர்லைக்கா. அந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன்."

"எறங்கிக்கோ. இங்கயே பஸ்ஸு வரும். ஆனா இந்த வண்டியை எறக்கினது நீ. இன்னிக்கு சாயங்காலம் அமாவாசைக் கூட்டத்துல இது யாரையாவது இடிச்சா, யாரு எறக்கினதுன்னு கேப்பாங்க. நான் சொல்லத்தானே வேணும்?"

அவர் இறங்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் செஞ்ச வேலை மாதிரியே இல்லியே இது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கியரைப் போட்டார். சகலையைப் பார்க்கிற ஆசை ஒன்றும் அவருக்கு இல்லை. வேலை தப்பாகப் போனது எப்படி என்று தெரியாமல் அவரால் வீட்டுக்குப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

அலைன்மெண்ட் கடைக்குள் வண்டி நுழைந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து இளையவர் இறங்கினார். மூத்தவர் ஒரு லாரி டயரில் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தவர், பிடித்த குழாயோடு நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா, பஞ்சாயத்து கூட்டியிருக்கியா?" என்றார் மூத்தவர்.

"ஆமாண்ணே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே எடத்துல, ஒரே டேப்புல அளங்க. அது முடியாம நான் நகரமாட்டேன்."

வண்டி இரும்புப் பாதையில் ஏறியது. மூத்தவர் டேப்பை எடுத்தார். இளையவர் அதை வாங்கி, சரியான டேப்தானா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தார். அளந்தார்கள். இடது பக்கம் விரல் தண்டி குறைவு. இளையவர் தானே மறுபடி அளந்தார். அதே அளவுதான்.

"இப்ப இன்னா சொல்றாரு வெல்டிங் கடைக்காரரு?" என்று மூத்தவர் என்னிடம் கேட்டார்.

"அக்கா, அவருகிட்ட சொல்லுங்க. போன வாரம் என் ஷெட்டுல சமமா இருந்துச்சு. வேணும்னே யாராச்சும் போல்ட்டைத் திருகியிருந்தாதான் இப்பிடி ஆவும்."

"நானா? நான் திருகினேனா? கார்ட்டூன் பாக்கவே எனக்கு நேரம் சரியா இருக்குதேம்மா, அவன் போல்ட்டை எப்பத் திருகறது?"

"அன்னிக்கு வெளையாட்டா சொன்னதை இன்னும் புடிச்சிக்கினு…"

"எது வெளையாட்டு? என் மாமனாரு எதிர்ல, எல்லாரும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது வெளையாட்டா?"

சத்தம் கேட்டுக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து மூத்தவரின் மனைவி வந்தார். தங்கை புருஷனைக் கண்டதும், "தம்பி, எப்ப வந்தே? கொழந்தைங்க நல்லா இருக்குதா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அவர் எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள்.

எனக்கு மாவு ஞாபகம் வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்குள் இந்நேரம் மாவு பொங்கி வழிந்திருக்கும். இவர்களைக் கத்தவிட்டுப் பலகைக் கதவைத் திறந்தேன். பொங்கித்தான் இருந்தது. மாவுத் தூக்கைத் தள்ளி வைக்க வண்டிக்குள் ஏறி, நிரம்பிய டிரம்மில் ஒரு கையை ஊன்றினேன். டிரம் இடது பக்கம். அதற்குப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர், இடது பக்கம். அடுப்பு, கல், அண்டா, எல்லாமே இடது பக்கம். ஜனங்கள் வந்து நிற்பது அந்தப் பக்கம்தானே. வலது பக்கத்தில் ஒரு வெங்காயக் கூடையும் என் செருப்பும் இருந்தன.

டிரம்மைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன்.

"தம்பி," என்று கூப்பிட்டேன். "உன் ஷெட்டுக்கு நான் காலி வண்டியாதான் வந்தேன். நீதான் எல்லாத்தையும் எறக்கிட்டு வரச் சொன்னே. அண்ணே, உங்ககிட்ட நான் வர்றப்பல்லாம் கடையை மூடிக்கினு சாமானோட வந்தேன். இன்னிக்கும் சாமானோடதான் இருக்கு. இங்க வந்து பாருங்க."

இருவரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். பக்கம் பக்கமாகத் தலையை நீட்டினார்கள். இளையவர் டிரம்மின் வளையத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்; அது அசையவில்லை. மூத்தவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"பழைய பட்டை கெட்டியா இருந்தப்ப இந்த வெயிட்டு தெரியலை" என்றார் இளையவர் மெதுவாக. முதல் முறையாகச் சகலையைப் பார்த்துச் சொன்னார். "முன்னாடி போல்ட்டைத் தளத்தி, பின்னாடி ஒண்ணை உருவினதும் இந்தப் பக்கம் உக்காந்துடுச்சு."

"உக்காராம? இவ்ளோ வெயிட்டு ஒரே பக்கம்."

"அப்ப நான் அளந்ததும் சரிதான்."

"நான் அளந்தது மட்டும் தப்பா?"

இருவர் சொன்னதும் சரிதான். அதில் இருவருக்கும் வந்த நிம்மதியை முகத்தில் பார்த்தேன். அடுத்து என்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தேன். இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னாம்மா நீ, இவ்ளோ லோடு ஒரே பக்கம் வச்சிருக்கேன்னு மொதல்லயே ஒரு வார்த்தை சொல்றதில்லையா?" என்றார் மூத்தவர்.

"அதானே. எத்தினி நாளு எங்க ரெண்டு பேரையும் பேஜாரு பண்ணிட்டீங்கக்கா" என்றார் இளையவர்.

மூத்தவரின் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். நான் சொல்ல நினைத்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. மாவு பொங்குகிறது, ஜல்தி வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு வேலை நடந்த அழகைச் சொல்ல வேண்டும். டிரம்மையும் சிலிண்டர்களையும் இருவருமாகத் தூக்கி வலது பக்கம் கட்டினார்கள். இளையவர் அடியில் படுத்து இடது போல்ட்டைக் கொஞ்சம் முறுக்க, மூத்தவர் மேலே டேப்பைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம், போதும், வுடு" என்றார். மெல்லிய தகடுகளை எடுத்துக் கொடுப்பதும் செருகுவதும், ஒருவர் கேட்கும் முன் இன்னொருவர் ஸ்பானரை நீட்டுவதுமாக, நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பச்சையானது. கடைசிக் கட்டம் பச்சையானபோது இளையவர் திரையைப் பார்த்து, "மிஷின் நல்ல மிஷினுதான் சகல" என்றார். மூத்தவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "இன்னும் ஒரு எலை போடு" என்று குரல் கொடுத்தார்.

என்னையும் சாப்பிடச் சொன்னார்கள். நின்றால் அமாவாசை போய்விடும் என்று கிளம்பினேன். இளையவரைத் திரும்ப விழுப்புரத்தில் விட வேண்டுமே என்ற கவலை எனக்கு இருந்தது. அவருக்கு அது இல்லை. திரும்பிப் பார்த்தபோது கை கழுவிக்கொண்டிருந்தார்.

வண்டி நேராகப் போனது. மனம் நம்பவில்லை, ஒரு காலி இடத்தில் ஸ்டீயரிங்கைத் தொடாமல் விட்டுப் பார்த்தேன். நேராகவே போனது. இத்தனை நாளும் வலது பக்கம் பிடித்துப் பழகிய கை, பிடிக்க ஒன்றுமில்லாமல் தானாக வலது பக்கம் திருப்ப, நானே எதிரே வந்த ஆட்டோவைப் பார்த்துப் போனேன். அவன் திட்டிவிட்டுப் போனான்.

பேருந்து நிற்கும் இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முதல் இரண்டு பேருந்து ஜனங்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். மாவு கொஞ்சம் புளித்திருந்தது. அதனால் எல்லாவற்றையும் ஊத்தப்பமாக ஊற்றினேன். இருட்டுவதற்குள் மாவு காலி. ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து, பலகைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, நிதானமாக நின்று சாப்பிட்டார். அந்தப் பலகையில் ஒருவர் முழங்கையை ஊன்றி நான் பார்த்தது அன்றுதான்.

திரும்பி வரும் வழியில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் வேகத்தடையில் ஏறினேன். அடியில் கர்ரென்று ஒரு சத்தம். நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை, அடித்தகடு உரசியிருக்கிறது. வண்டி நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது, ஊரில் இருக்கும் வேகத்தடைகள் இறங்கவில்லை. இதை இரண்டு பேரில் ஒருவராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

போன் கையில்தான் இருந்தது. இரண்டு பேர் நம்பரும் அதில் இருந்தது. அழைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். ஒருவர் விழுப்புரம் வரச் சொல்வார், ஒருவர் திண்டிவனம் வரச் சொல்வார். இல்லாவிட்டால், இப்போது சேர்ந்துவிட்டார்கள், இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள். அது இன்னும் மோசம். போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது வேகத்தடை வந்தால் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.